கோட்டை இல்லாத கோட்டையில் சிறுவர்களோடு

கொழும்பு கோட்டைப் பகுதிக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்வோர் ஒரு கேள்விக்கு ஆயத்தமாக இருத்தல் நன்று. "கோட்டை எங்கே?" என்பதே அது. புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் கோட்டை இருக்கிறது. பஸ் நடத்துநரின் வாயில் கோட்டை இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மதில் எதுவும் இல்லை.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய கோட்டை அது. 1656இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் விருப்பப்படி திருத்தியமைத்தனர். 1796இல் அது பிரித்தானியர் வசமானது. எதிரிகள் எவரும் எஞ்சியிராத நிலையில், மதில்கள் வாணிபத்துக்கு இடைஞ்சலாகத் தோன்றவே, 1869 முதல் அவர்களே அவற்றை இடித்தனர். பிறிஸ்டல் வீதியில் ஒரு வங்கிக் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் டெல்ஃப்ட் வாசலின் எச்சம் போல் சில துண்டுகளே மிச்சம்.

அண்மையில் ஒரு ஞாயிறு காலையில் என் அண்ணன் மகளின் பிள்ளைகள் இருவரை அங்கு அழைத்துச் சென்றேன். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. ஏனைய நாள்களில் புறக்கோட்டையில் நாட்டாமைமாரின் கைவண்டிகளுக்கு வழிவிடுவதிலேயே பொழுது போய்விடும். தலையை உயர்த்திக் கட்டடங்களைப் பார்க்க முடியாது.

சதாம் வீதிச் சந்தியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த வடிவில் 1857இல் எழுந்த இக்கோபுரம், 1867இல் வெளிச்சவீடாகவும் ஆக்கப்பட்டது. கடலுக்கு வழிகாட்ட வெளிச்சவீடு தெருவின் நடுவில் எதற்கு என்று இளையவன் கேட்டான். நியாயமான கேள்வி. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்துவிட்டதால் 1952இல் அந்தப் பணி நின்றது. நேரம் காட்டுவது மட்டும் எஞ்சியது.

இப்பகுதிக்கு என் தலைமுறையினர் தம் பிள்ளைகளை உலாவ அழைத்து வந்ததில்லை. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி மீதான குண்டுத் தாக்குதலில் 90க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன்பின் வீதித்தடைகள், சோதனைச் சாவடிகள். கோட்டை என்பது அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வந்து, அலுவலை முடித்துக்கொண்டு திரும்பும் இடமாயிற்று. அன்றைய வெடிப்பில் சேதமுற்ற, 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் மருத்துவமனை திருத்தப்பட்டு 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அங்கே ஐஸ்கிறீம் கிடைத்தது. அதன் கூரை மரங்களைப் பார்க்கச் சொன்னேன், பார்த்ததாகத் தெரியவில்லை.

கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் புறக்கோட்டை. சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ' என்பதும் அதே பொருள்தான். ஆங்கிலேயரோ 'பெட்டா' என்றனர். அது நமது 'பேட்டை'யின் திரிபு. ஆக, ஆங்கிலத்தில் பேசுவோர் தமிழ்ச் சொல்லைச் சொல்ல, நாம் வேறொன்றைச் சொல்கிறோம். பக்கத்திலுள்ள கொம்பனித்தெருவின் கதை இன்னும் விசித்திரமானது. தமிழிலும் சிங்களத்திலும் அங்கே கொம்பனி மட்டுமே இருக்கிறது. ஒல்லாந்தர் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது என்பதை ஆங்கிலப் பெயரே வெளிப்படையாகச் சொல்லி வந்தது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் செங்கல்லும் வெள்ளையுமாக வரியோடிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் நிற்கிறது. இந்திய முஸ்லிம் வணிகர்களுக்காக 1908இல் கட்டத் தொடங்கப்பட்டது. கோபுரங்கள் மாதுளம்பழம் போல இருப்பதாக மூத்தவள் சொன்னாள். அதைத்தான் மனத்தில் கொண்டு வடிவமைத்தார்கள் என்பர் எனச் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரதான வீதி முடியுமிடத்தில், 1873ஆம் ஆண்டின் பழைய நகர மண்டபத்துக்கு அருகே, கேமன் வாசல். வாசல் இல்லை, தனித்து நிற்கும் ஒரு மணிக்கூண்டு மாத்திரம் உண்டு. கேமன் என்றால் முதலை. கோட்டையைச் சூழ்ந்த நீர்நிலைகளில் முதலைகள் இருந்தமையால் வந்த பெயர். மணி, கோட்டேயில் இடிந்துபோன போர்த்துக்கேயத் தேவாலயம் ஒன்றிலிருந்து வந்தது என்பர். இளையவன் வடிகான்களின் மூடிகளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அங்கிருந்து செட்டியார் தெரு. நகைக் கடைகள், கதிரேசன் கோயில்கள், ஆடிவேல் விழாவின் தேர் புறப்படும் இடம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருகையில், சில கட்டடங்கள் மிகப் பழையனவாயும் பக்கத்திலுள்ளவை புதியனவாயும் இருப்பது ஏன் என்று மூத்தவள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இல்லை. ஆயினும் 1983 ஜூலை 25ஆம் திகதி புறக்கோட்டையில் தமிழரின் கடைகள் தேடித் தேடி எரிக்கப்பட்டதை மறைத்துவிட்டு, ஒல்லாந்தரையும் முதலையையும் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையாகப் படவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். யார் எரித்தார்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்டது இளையவன், வேறொன்றை: "தீயணைப்பு வண்டி வரேல்லையா தாத்தா?"

எரித்தவர்களைத் தடுக்க வேண்டியவர்கள் பலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றேன். ஆறு வயதுக்கு அது போதும். பெரியவர்களில் பலருக்கு நாம் அவ்வளவுகூடச் சொன்னதில்லை.

இறுதியாக மேட்டிலிருக்கும் வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்கு ஏறினோம். 1749இல் தொடங்கி 1757இல் நிறைவுற்றது. பெயரின் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது? ஊளையிட்டுத் திரிந்த நரிகளை ஒல்லாந்தர் அப்படி எண்ணிக்கொண்டார்கள் போலும். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஒல்லாந்தப் பெரியோரின் எச்சங்கள் 1813இல் தீப்பந்த ஒளியில் ஊர்வலமாக இங்கு கொண்டுவரப்பட்டன. நாடே கைமாறிய பின்னும் இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்களைப் பேணியிருக்கிறார்கள்.

மூத்தவள் ஒரு கல்லின் எழுத்துக்களை விரலால் தடவிக் கூட்டி வாசிக்க முயன்றாள். பிறகு கேட்டாள்: "செட்டியார் தெருவிலயும் இப்படிப் பேர் எழுதின கல்லு இருக்கா தாத்தா?"

இல்லை என்றேன்.