ஜே. டபிள்யூ. நாரா

ஜே. டபிள்யூ. நாரா (1874 - 1934) பின்லாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய ஒளிப்படக் கலைஞர் ஆவார். மிச்சிகன் மாநிலத்தின் செப்புச் சுரங்கப் பகுதியான கியூவினா மூவலந்தீவின் மக்கள் வாழ்க்கையை இவருடைய ஒளிப்படங்கள் காட்டுகின்றன.

பின்னணி

இப்பகுதியில் 1840களில் செப்புச் சுரங்கத் தொழில் வளரத் தொடங்கியது. பின்லாந்து, இத்தாலி, குரோவாசியா, இங்கிலாந்தின் கார்ன்வால் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் குடியேறினர். கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளருடன் பணிபுரிந்தவர்களிலும் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் இருந்தனர்.

ஒளிப்படங்கள்

நாரா கலுமெட் நகரில் ஒளிப்பட நிலையம் நடத்தினார். நிலையத்தில் எடுக்கும் உருவப்படங்களோடு நில்லாமல், ஊர்ப்புறங்கள், பண்ணைகள், கரையோரங்கள், அருவிகள் ஆகியவற்றையும் படமெடுத்தார்.

1913 வேலைநிறுத்தம்

இருவர் இயக்கிவந்த துளைப்பொறிக்கு மாற்றாக ஒருவரே இயக்கும் பொறியை நிறுவனங்கள் புகுத்தின. இதனால் வேலையிழப்பு ஏற்படும் என்றும், தனியே பணிபுரிபவர் விபத்துக்குள்ளானால் உதவ எவரும் இரார் என்றும் தொழிலாளர் அஞ்சினர். எட்டு மணிநேர வேலை, ஊதிய உயர்வு, தொழிற்சங்க ஏற்பு ஆகியவற்றையும் கோரி சூலை 23, 1913 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். அவ்வாண்டு திசம்பர் 24 அன்று, இத்தாலியன் மண்டபத்தில் அவர்களின் குழந்தைகளுக்காக நடந்த விழாவில் எவரோ "தீ" எனக் கூவியதால் ஏற்பட்ட நெரிசலில் 73 பேர் இறந்தனர். இவர்களுள் 59 பேர் சிறுவர். உண்மையில் அங்குத் தீ பற்றவில்லை. 1914 ஏப்ரலில், சங்கம் ஏற்கப்படாமலே வேலைநிறுத்தம் முடிவுற்றது. இவ்வேலைநிறுத்தக் காலத்தையும் நாரா படம்பிடித்துள்ளார்.

இன்றைய நிலை

1968 இல் தொடங்கிய மற்றொரு வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து கலுமெட் சுரங்கங்கள் மூடப்பட்டன. இத்தாலியன் மண்டபம் 1984 இல் இடிக்கப்பட்டது. அதன் வாயில் வளைவு மட்டும் நினைவுச்சின்னமாக உள்ளது. மறைந்துபோன அவ்வாழ்க்கைக்குச் சான்றாக விளங்கும் நாராவின் ஒளிப்படத் தொகுப்பு, ஹாட்டன் நகரிலுள்ள மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.