நேர முடுக்கம் (விண்பறப்பு ஆட்டங்கள்)

நேர முடுக்கம் என்பது விண்வெளிப் பயணத்தைச் சித்திரிக்கும் கணினி விளையாட்டுகளில், ஆட்டத்தின் உள்ளே ஓடும் கடிகாரத்தை ஆட்டக்காரரின் கடிகாரத்தை விட விரைவாக ஓடச் செய்யும் வசதி ஆகும். இது நேரச் சுருக்கம் எனவும் அழைக்கப்படுகிறது. பல மாதங்கள் நீளும் ஒரு கோளிடைப் பயணத்தைச் சில நிமிடங்களில் முடித்து விட இது உதவுகிறது. ஒருவர் தனியே விளையாடும் ஆட்டங்களிலேயே இவ்வசதி பெரும்பாலும் காணப்படுகிறது. பலர் இணையம் வழியாக ஒரே உலகில் விளையாடும் ஆட்டங்களில் கடிகாரம் எல்லோருக்கும் பொதுவானது. எனவே அங்கே நேரத்தைத் தொடாமல், கலத்தின் வேகத்தையோ கடக்க வேண்டிய தொலைவையோ ஆட்டத்தை உருவாக்குவோர் மாற்றி அமைக்கின்றனர்.

சார்புக் கோட்பாடு கூறும் நேர விரிவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது முற்றிலும் கணிப்பு சார்ந்த ஓர் உத்தி.

தேவை

விண்வெளியில் தொலைவுகள் மிகப் பெரியவை. புவிக்கும் நிலவுக்கும் இடையிலான சராசரித் தொலைவு ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர். 1969 சூலையில் ஏவப்பட்ட அப்பல்லோ 11 நிலவின் சுற்றுப்பாதையை அடைய ஏறத்தாழ 76 மணி நேரம் ஆயிற்று. மிகக் குறைந்த ஆற்றலில் செவ்வாய்க்குச் செல்லும் பாதை சுமார் 259 நாட்கள் நீளும். 1977 இல் புறப்பட்ட வொயேசர் 2, நெப்டியூனைக் கடந்தது 1989 இல்.

இந்தப் பயணங்களில் பொறி இயங்கும் நேரம் மிகக் குறைவு என்பதே முக்கியமானது. அப்பல்லோ 11 நிலவை நோக்கித் திரும்புவதற்காகத் தன் பொறியை இயக்கியது ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் மட்டுமே. சிறு பாதைத் திருத்தங்களைத் தவிர்த்தால், மீதி வழி முழுவதும் அது எறியப்பட்ட கல்லைப் போல ஈர்ப்பின் வழியே சென்றது. ஆட்டக்காரர் முடிவெடுக்க வேண்டிய கணங்கள் இவ்வாறு ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் திரையில் எதுவும் நிகழ்வதில்லை. விண்மீன்கள் கூட நகர்வதாகத் தெரியாது.

நேரத்தை முடுக்காமலேயே ஒரு செவ்வாய்ப் பயணத்தை ஒப்புருவாக்கம் செய்து பார்த்ததும் உண்டு. மாசுக்கோவில் உள்ள உயிரிமருத்துவச் சிக்கல்கள் கழகத்தில் நடைபெற்ற மார்சு-500 சோதனையில், ஆறு பேர் 2010 சூன் முதல் 2011 நவம்பர் வரை 520 நாட்கள் ஒரு மூடிய கூடத்தினுள் வாழ்ந்தனர். அவர்கள் எங்கும் பறக்கவில்லை. காத்திருப்பு மனிதரை என்ன செய்கிறது என்பதே அங்கு ஆராயப்பட்டது. விளையாட்டுக்கு வருபவரிடம் அதனை எதிர்பார்க்க இயலாது.

தொடக்க கால ஆட்டங்கள்

1969 இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த சிம் இசுட்டோரர், பிடிபி-8 கணினிக்காக நிலவில் இறங்கும் ஆட்டம் ஒன்றை எழுதினார். அதில் படங்கள் இல்லை, எண்கள் மட்டுமே. ஒவ்வொரு பத்து நொடிக்கும் எவ்வளவு எரிபொருளை எரிப்பது என்று ஆட்டக்காரர் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் விடையளிக்கும் வரை கலம் அந்தரத்தில் நிற்கும். விடை கிடைத்ததும் பத்து நொடிகள் ஒரே தாவலில் கடந்து விடும். நேரத்தை ஆட்டக்காரரின் கையில் கொடுத்த மிகப் பழைய விண்பறப்பு ஆட்டங்களுள் இது ஒன்று.

டேவிட் பிராபன், இயன் பெல் ஆகிய இருவரும் உருவாக்கி 1984 இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வெளிவந்த எலைட் வேறு வழியைக் கையாண்டது. விண்மீன்களுக்கு இடையே தாவி வந்த கலம், கோளில் இருந்து வெகு தொலைவில் வெளிப்படும். ஒரு விசையை அழுத்தினால் கலம் பெருந்தாவலாக முன்னேறும். ஆனால் அருகில் வேறு கலம் ஏதேனும் இருந்தால் அந்தத் தாவல் வேலை செய்யாது. இங்கே முடுக்கப்பட்டது நேரம் அன்று, கலமே. எனினும் "ஆபத்து அருகில் இருக்கையில் விரைந்து செல்ல முடியாது" என்ற விதி இதில் தெளிவாக அமைந்தது. பின்னர் வந்த பல ஆட்டங்களிலும் இவ்விதி ஏதோ ஒரு வடிவில் காணப்படுகிறது. 1990 இல் வந்த விங் கமாண்டரில் தானியங்கி ஓட்டியை இயக்கினால், அடுத்த இலக்குக்குப் பறக்கும் காட்சி ஒரு குறும்படமாக ஓடி முடியும். பகைவர் அருகில் இருந்தால் அதுவும் இயங்காது.

முழுமையான நேர முடுக்கத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிராபன் 1993 இல் வெளியிட்ட ஃபிரன்டியர்: எலைட் 2 ஆகும். இதில் கலங்கள் நியூட்டனின் இயக்க விதிகளின்படி நகர்ந்தன, கோள்கள் மெய்யான அளவிலான தொலைவுகளில் அமைந்திருந்தன. ஒரு விண்மீன் தொகுதிக்குள் ஒரு கோளை அடையவே பல நாட்கள் தேவைப்பட்டன. ஆகவே இசுட்டார்டிரீமர் என்ற பெயரில் நேரக் கட்டுப்பாடு ஒன்று சேர்க்கப்பட்டது. திரையின் அடியில் உள்ள பொத்தான்களை அழுத்தி நேரத்தைப் படிப்படியாக விரைவுபடுத்தலாம், நிறுத்தியும் வைக்கலாம். பகைக்கலம் நெருங்கினால் முடுக்கம் தானே தளர்ந்து விடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டம் கி.பி. 3200 ஆம் ஆண்டின் முதல் நாளில் தொடங்குகிறது. சரக்கையும் பயணிகளையும் குறித்த தேதிக்குள் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தங்கள் கெடு விதிக்கின்றன. நேர முடுக்கம் ஆட்டக்காரரின் மாலைப் பொழுதை மிச்சப்படுத்துகிறதே தவிர, ஆட்டத்தினுள் அந்த நாட்கள் செலவாகியே தீரும். விரைவான ஆனால் விலை கூடிய கலத்தை வாங்குவதற்கு இதனாலேயே பொருள் ஏற்படுகிறது. பின்னர் வந்த ஆட்டங்கள் பலவற்றில் இந்தச் செலவு மறக்கப்பட்டது ஒரு குறையே.

செருமானிய நிறுவனமான எகோசாஃப்ட்டின் எக்சு வரிசை ஆட்டங்களில் (முதலாவது 1999) நேர முடுக்கி என்பது கலத்தில் பொருத்த வேண்டிய ஒரு கருவி. அதன் பெயர் சேட்டா. அதனைப் பெறும் வரை ஆட்டக்காரர் பொறுமையுடன் பறந்தாக வேண்டும்.

கணிப்பு முறை

நேரத்தை முடுக்குவது ஒரு நிகழ்படத்தை வேகமாக ஓட்டுவது போன்றதன்று. நிகழ்படத்தில் எல்லாப் படச்சட்டங்களும் முன்பே உள்ளன. ஆட்டத்திலோ ஒவ்வொரு நிலையையும் அதற்கு முந்தைய நிலையில் இருந்து கணித்தாக வேண்டும். கணினி நொடிக்கு 50 முறை கலத்தின் நிலையைக் கணிக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு படியும் 0.02 நொடி. நேரத்தை ஆயிரம் மடங்காக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆயிரம் மடங்கு கணிப்புகளைச் செய்வது. இதற்குச் செயலியின் ஆற்றல் போதாது. மற்றொன்று, ஒரு படியின் அளவை 20 நொடியாக்குவது. தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதையில் கலம் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் செல்வதால், ஒரு படிக்கு அது 156 கிலோமீட்டர் தாண்டும். வளைந்த பாதையை இத்தகைய நீண்ட நேர்த்துண்டுகளால் வரைந்தால் பிழை சேர்ந்து கொண்டே போகும். சுற்றுப்பாதை தானாகவே விரியும் அல்லது சுருங்கும்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் சுவைகர் 2000 இல் வெளியிட்ட ஆர்பிட்டர் என்னும் ஒப்புருவாக்கி இச்சிக்கலை நேரடியாக எதிர்கொள்கிறது. பல விண்பொருட்களின் ஈர்ப்பையும் அது ஒருசேரக் கணிக்கிறது. படி மிக நீண்டு விடும்போது, பாதை சிதையாமல் இருக்க நிலைப்படுத்தும் முறைக்கு மாறுகிறது. இதில் நிலவுக்கான மூன்று நாள் பயணம் ஆயிரம் மடங்கு முடுக்கத்தில் நான்கே கால் நிமிடங்களில் முடியும். இதன் மூல நிரல் 2021 இல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது.

இசுகுவாட் நிறுவனத்தின் கெர்பல் இசுப்பேசு புரோகிராம் (முதல் பொது வெளியீடு 2011, முழுப் பதிப்பு 2015) வேறு உத்தியைப் பயன்படுத்துகிறது. பொறி அணைந்திருக்கும் கலத்தை அது ஒற்றைப் புள்ளியாகக் கருதி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விண்பொருளின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் கொள்கிறது. அப்போது பாதை ஒரு நீள்வட்டமாகவோ அதிபரவளைவாகவோ அமையும். கெப்ளரின் சமன்பாட்டைத் தீர்த்தால், ஒரு நொடிக்குப் பின் கலம் எங்கிருக்கும் என்பதையும் ஓராண்டுக்குப் பின் எங்கிருக்கும் என்பதையும் ஒரே அளவு உழைப்பில் அறியலாம். இடைப்பட்ட நிலைகளைக் கணிக்கத் தேவையில்லை. கலம் தண்டவாளத்தில் ஓடுவதாக ஆட்டக்காரர்கள் இதைக் குறிப்பிடுவர். இதனால் ஒரு இலட்சம் மடங்கு வரை முடுக்கம் இயல்கிறது. கெர்பின் என்ற கோளில் இருந்து தூனா என்ற கோளுக்கு, ஆறு மணி நேர நாட்களில், ஏறத்தாழ 300 நாட்கள் ஆகும். மிக உயர்ந்த முடுக்கத்தில் இது ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரு இலட்சம் மடங்கில், நொடிக்கு 50 படிகள் எனில், ஒரு படி 2,000 நொடி. நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் செல்லும் கலம் ஒரு படியில் 4,000 கிலோமீட்டர் தாண்டும். கெர்பினின் விட்டமோ 1,200 கிலோமீட்டரே. கோளில் மோத வேண்டிய கலம் அதனை ஊடுருவி மறுபுறம் தோன்றக் கூடும். கோளை நெருங்க நெருங்க முடுக்கத்தின் உச்ச வரம்பைக் குறைப்பது இதற்குத் தீர்வு. வளிமண்டலத்தினுள் காற்றின் தடையால் கெப்ளரின் தீர்வு பொருந்தாது. எனவே அங்கு நான்கு மடங்குக்கு மேல் செல்ல இயலாது. அந்த நான்கு மடங்கிலும் படிகள் நீள்வதால், பல பாகங்களை இணைத்துக் கட்டிய கலம் நடுங்கி உடைந்து போவதுண்டு.

பொறி இயங்கும்போதும் இதே தடை உள்ளது. வேதி எரிபொருள் பொறிகளுக்கு இது பெரிய இடர் அன்று, அவை சில நிமிடங்களில் அணைந்து விடும். அயனிப் பொறி அவ்வாறன்று. 2007 இல் ஏவப்பட்ட டான் விண்கலத்தின் அயனிப் பொறி தந்த உந்துவிசை 0.092 நியூட்டன் மட்டுமே. ஒரு தாளைக் கையில் ஏந்தும்போது உணரும் எடையை ஒத்த அந்த விசையை மாதக்கணக்கில் தொடர்ந்து செலுத்தியே அக்கலம் வெசுட்டாவையும் சீரிசையும் அடைந்தது. கெர்பல் ஆட்டத்தில் அதே பெயர் கொண்ட பொறியின் விசை 2,000 நியூட்டன், அதாவது இருபதாயிரம் மடங்குக்கும் மேல். நேரத்தைச் சுருக்க முடியாத இடத்தில் இயற்பியலே வளைக்கப்பட்டது. 2023 இல் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில், நேரம் முடுக்கப்பட்டிருக்கும்போதே பொறியை இயக்கும் வசதி தரப்பட்டது.

முடுக்கத்தின் இடர்கள்

நேரம் முடுக்கப்படும்போது ஆட்டத்தில் உள்ள எல்லாமே முடுக்கப்படுகின்றன. நிலவு நோக்கிய ஒரு கலத்துக்காக நேரத்தை ஓட்டுகையில், மறந்து போன வேறொரு கலம் தன் கோளை அடைந்து, பொறியை இயக்க ஆளின்றி அதனைக் கடந்து சென்று விடலாம். உயர்ந்த முடுக்கத்தில் ஒரு கணம் அயர்ந்தாலும் பல வாரங்கள் கழிந்து விடும். பல மணி நேர உழைப்பு இவ்வாறு வீணாவது உண்டு. இதற்காக ஆர்வலர்கள் எழுதிய நினைவூட்டும் கடிகாரச் செருகுநிரல் பரவலாகப் பயன்பட்டது. 2021 இல் அத்தகைய கடிகாரம் ஆட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

எதிர்மாறான குறையும் உண்டு. கெர்பல் ஆட்டத்தின் விண்வெளி வீரர்களுக்கு உணவோ காற்றோ தீர்ந்து போவதில்லை. ஓராண்டு காத்திருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் நேராது. காத்திருப்புக்கு விலையே இல்லாதபோது, விரைவான பாதையைத் தேடுவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. உணவையும் உயிர்வளியையும் கணக்கிடும் செருகுநிரல்களை ஆர்வலர்கள் தாமாகவே எழுதி இக்குறையை நீக்கிக் கொண்டனர்.

பொதுக் கடிகாரம் உள்ள ஆட்டங்கள்

ஒரே உலகில் இருவர் இருந்தாலே நேர முடுக்கம் சிக்கலாகி விடுகிறது. ஒருவர் தம் பயணத்துக்காக ஒரு மாதத்தை ஓட்டினால், மற்றவரின் போர் என்னாவது? எலைட் வரிசையிலேயே இம்மாற்றத்தைக் காணலாம். 2014 இல் வெளிவந்த எலைட்: டேஞ்சரசு ஆட்டத்தில் நாள்காட்டி நம் நாள்காட்டியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. நம் ஆண்டுடன் 1,286 ஐக் கூட்டினால் ஆட்டத்தின் ஆண்டு கிடைக்கும். இசுட்டார்டிரீமர் இங்கு இல்லை. அதற்கு ஈடாக, கலங்கள் ஒளியின் வேகத்தைப் போல 2,001 மடங்கு வரை செல்கின்றன.

அதுவும் சில இடங்களில் போதாது. ஆல்ஃபா சென்டாரி தொகுதியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டல் என்னும் நிலையம், கலம் வந்து சேரும் விண்மீனில் இருந்து 0.22 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. வேகம் மெல்லக் கூடி மெல்லக் குறைவதால், அங்கு செல்ல ஒன்றரை மணி நேரம் அளவில் ஆகும். இந்த நேரம் மெய்யான நேரம். அங்கு சென்றால் விலையுயர்ந்த கலம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும் என்று புதியவர்களை நம்ப வைத்து அனுப்புவது ஆட்டக்காரர்களிடையே நெடுநாள் வேடிக்கையாக இருந்தது. விந்தை என்னவெனில், இந்தச் சலிப்பே அந்நிலையத்தைப் புகழ்பெறச் செய்தது. அங்கு சென்று திரும்புவதைப் பலர் ஒரு நேர்த்திக்கடன் போல நிறைவேற்றினர். 2019 இல் பாதையைத் தானே பிடித்துக் கொள்ளும் துணைக்கருவியும், 2024 இல் வேகத்தை மேலும் கூட்டும் புதிய பொறிகளும் சேர்க்கப்பட்டன.

வேறு சில ஆட்டங்கள் தொலைவைச் சுருக்கின. 2003 இல் வந்த ஃபிரீலான்சரில் நிலையங்களுக்கு இடையே வளையங்களால் ஆன வணிகப் பாதைகள் உண்டு. கலம் அவற்றினூடே விரைந்து செல்லும். கொள்ளையர் வளையத்தைச் செயலிழக்கச் செய்து வழிமறிப்பர். 2019 இல் வந்த அவுட்டர் வைல்ட்சு, முழு ஞாயிற்றுத் தொகுதியையும் சில நிமிடங்களில் கடக்கக் கூடியதாகச் சிறிதாக்கியது. அதிலும் குறித்த ஒரு நிகழ்வு வரும் வரை பொழுதைப் போக்க, தீமூட்டி அருகே கண்ணயரும் வசதி உள்ளது. அது ஒருவர் மட்டும் விளையாடும் ஆட்டம் என்பதால் இது இயல்கிறது.

நேரத் தளர்வு

ஐசுலாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்தி வரும் ஈவ் ஆன்லைன் ஆட்டத்தில் நேரம் முடுக்கப்படுவதில்லை, தளர்த்தப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் போரிடும்போது வழங்கிக் கணினி அத்தனை கட்டளைகளையும் உரிய நேரத்தில் கணிக்க இயலாமல் திணறும். சிலரின் கட்டளைகள் மட்டும் தொலைந்து போகாமல் இருக்க, அவ்விடத்தின் கடிகாரம் எல்லோருக்கும் சமமாக மெதுவாக்கப்படுகிறது. இத்தளர்வு இயல்பு வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வரை செல்லும். 2014 சனவரி 27, 28 ஆகிய நாட்களில் பி-ஆர்5ஆர்பி என்னும் விண்மீன் தொகுதியில் நடந்த போரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் பங்கேற்றனர். தளர்ந்த கடிகாரத்தில் நடந்த அப்போர் முடிய ஏறத்தாழ 21 மணி நேரம் ஆயிற்று.