மகாவீராசாரியரும் வர்க்கமூலக் கணக்கும்

அறநூலும் காப்பியமும் இலக்கணமும் தந்த சமணச் சான்றோர் கணிதத்தையும் ஞானத்தின் ஒரு கூறாகவே போற்றினர். அவருள் தலையாயவர் மகாவீராசாரியர். இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850இல், அவர் வடமொழியில் இயற்றிய ‘கணிதசாரசங்கிரகம்’ ஒன்பது அதிகாரங்களை உடையது. பகவான் மகாவீரரை வணங்கித் தொடங்குவது.

தொகையும் அதன் வர்க்கமூலமும் ஒருங்கே வரும் கணக்குகள் அந்நூலில் பல உள. ஒட்டகக் கூட்டம் ஒன்றில் கால்பங்கு காட்டிலும், மூலத்தின் இருமடங்கு மலைச்சாரலிலும், எஞ்சிய 15 ஆற்றங்கரையிலும் உள்ளன எனின் மொத்தம் எத்தனை என்பது அவற்றுள் ஒன்று. விடை 36.

அம்முறையை நம் சேதுக்கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். குளிர்காலத்தில் தனுஷ்கோடியில் வந்திறங்கிய பூநாரைகளில் பாதி நீரில் இரை தேடுகின்றன; மொத்தத்தின் மூலத்தைப்போல் நான்கு மடங்கு வானில் பறக்கின்றன; 24 மணல்திட்டில் நிற்கின்றன எனக் கொள்வோம். நீரில் உள்ள பாதியை நீக்கினால் மீதியும் பாதியே. மூலத்தின் மடங்காகிய 4ஐயும், 24ஐயும் அந்த அரையால் வகுக்க 8, 48 ஆகும். 8இல் பாதி 4. அதன் வர்க்கம் 16. அதனுடன் 48 கூட்ட 64. அதன் மூலம் 8. அதனுடன் முன்கண்ட 4 கூட்ட 12. இதன் வர்க்கமாகிய 144 விடை. 72, 48, 24 மூன்றும் கூடி 144 ஆதல் காண்க.

இதனையே இன்றைய மாணவர் இருபடிச் சமன்பாடாக எழுதினால் மூலத்திற்கு 12, -4 என இரு மதிப்புகள் கிடைக்கும். -4இன் வர்க்கம் 16. பூநாரைகள் 16 எனின், 8, 16, 24 கூடி 48 ஆகின்றன, கணக்கு ஒவ்வாது. ஆகவே கிடைத்த விடையை முதற்கணக்கில் இட்டுச் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும். நேர் எண்ணுக்கு நேர், எதிர் என இரு மூலங்கள் உண்டு. எதிர் எண் இயல்பில் வர்க்கமன்று, ஆதலின் அதற்கு மூலமில்லை என ஆசாரியர் அன்றே தெளிவுறுத்தினார்.

ஓலைச்சுவடிகளில் உறங்கிய இந்நூலைப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசு அச்சகம் 1912இல் வெளியிட்டது. ஏடு அழிந்திருப்பின் ஆசாரியரின் அறிவும் அழிந்திருக்கும். சுருத பஞ்சமியன்று நாம் சாத்திரங்களை வணங்குகிறோம். அவ்வணக்கம் மஞ்சள் குங்குமத்தோடு நின்றுவிடலாகாது. இல்லத்துப் பரணில் ஏடு இருப்பின் அதனைக் காப்போம். அதனினும் மேலாக, ஆசாரியரின் கணக்கொன்றையேனும் நம் பிள்ளைகள் போட்டுப் பார்க்கச் செய்வோம். அதுவே மெய்யான சாத்திர பூசை.