பழைய ஜப்பானியச் செடான்: மாற்றுச் சக்கரத் தேர்வு

ஜப்பானில் 1990களில் வெளிவந்த டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி, ஹோண்டா சிவிக் போன்ற சிறிய செடான் கார்கள் இன்றும் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் சக்கரம் துருப்பிடித்தாலோ வளைந்தாலோ விரிசல் விட்டாலோ, அதே அசல் சக்கரம் மறுபடி கிடைப்பது அரிது. வேறொரு காரிலிருந்து கழற்றியதோ, வெளி நிறுவனம் வார்த்த அலாய் வீலோதான் கைக்கு வரும். அது பொருந்துமா என்பதைத் துளைவட்டம், நடுத்துளை, ஆஃப்செட், ரிம்மின் அகலமும் விட்டமும், நட்டின் மரையும் முகமும், பிரேக்குக்கான இடம், சுமைத்திறன் ஆகியவை சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கடைகளில் முதலாவதை மட்டும் பார்த்து வாங்குவது வழக்கம். கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

இங்கே மூன்று கார்கள் எடுத்துக்காட்டாகின்றன: 1994ல் வந்த சன்னி பி14, 1995ல் வந்த கொரோலா ஈ110, அதே ஆண்டில் வந்த ஆறாம் தலைமுறை சிவிக். சிவிக்கின் செடான் வடிவம் ஜப்பானில் ஃபெரியோ என்ற பெயரில் விற்றது. முதலிரண்டும் இலங்கைச் சாலைகளில் இன்னும் சாதாரணம். அங்கே அவற்றை ‘எஃப்பி 14’, ‘110’ என்று எண்ணாலேயே அழைப்பார்கள்.

துளைவட்டம்

நட்டுகள் செல்லும் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டமே துளைவட்டம். கடை வழக்கில் இது பி.சி.டி. மேற்சொன்ன மூன்று கார்களிலும் நான்கு துளை, 100 மி.மீ. வட்டம். சற்றுப் பெரிய ஜப்பானியக் கார்களில் 114.3 மி.மீ. வரும். விசித்திரமாகத் தோன்றும் இந்த எண் நாலரை அங்குலத்தின் மெட்ரிக் வடிவம், அவ்வளவுதான். 1990 முதல் 2002 வரையிலான நான்கு சிலிண்டர் ஹோண்டா அக்கார்டு நான்கு துளையோடு 114.3, 1990களின் டொயோட்டா கேம்ரி பலவும் ஐந்து துளையோடு 114.3.

நான்கு துளைச் சக்கரத்தை அளப்பது எளிது. ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் போதும். மையத்தைத் தேட வேண்டியதில்லை. ஐந்து துளையில் எதிரெதிர்த் துளை கிடையாது. அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தூரத்தை 1.701ஆல் பெருக்க வேண்டும்: 58.8 மி.மீ. வந்தால் 100, 67.2 வந்தால் 114.3. ஃபியட் பாலியோ போன்ற கார்களின் நான்கு துளை 98 மி.மீ. சக்கரம் பார்வைக்கு 100 போலவே இருக்கும். நட்டை இழுத்து முறுக்கினால் ஏறியும் விடும். ஆனால் நட்டு ஏறும் ஸ்டட் ஒவ்வொன்றும் சாய்வாக இழுபட்டு நிற்கும். ஓட்டத்தில் நட்டு தளரும், ஸ்டட் ஒடியும்.

காரின் பெயரை மட்டும் நம்பிச் சக்கரம் வாங்கக் கூடாது என்பதற்குக் கொரோலாவே சாட்சி. 1983ல் வந்த தலைமுறையில் முன்சக்கர இயக்கச் செடானுக்கு 100 மி.மீ. வட்டம், அதே காலத்தில் அதே பெயரில் விற்ற பின்சக்கர இயக்க ஏ.ஈ.86க்கு 114.3. 2000ல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஜப்பானில் நான்கு துளையோடும் அமெரிக்காவில் ஐந்து துளையோடும் விற்றது. பழைய காரில் முந்தைய உரிமையாளர், சக்கரம் மாட்டும் ஹப்பையே மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே பட்டியலைப் பார்ப்பதைவிட, முன்னே நிற்கும் காரின் ஒரு சக்கரத்தைக் கழற்றி அளப்பதே சரி.

சில வெளி நிறுவனச் சக்கரங்களில் 100, 114.3 இரண்டுக்குமாக எட்டுத் துளை இருக்கும். அழகில்லைதான், ஆனால் நன்றாக வார்த்திருந்தால் தவறில்லை. பழைய துளையை வெல்டிங்கில் அடைத்துப் புதுத் துளை போட்ட அலாய் வீல் வேறு கதை. அலாய் வீலின் வலிமை வார்த்த பிறகு தரும் வெப்பப் பதத்தால் வருவது. வெல்டிங் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டாம்.

நடுத்துளை

சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய துளை, ஹப்பின் உதட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். துளைவட்டம் ஒன்றேயான மூன்று கார்களும் பிரியும் இடம் இதுதான்: கொரோலாவுக்கு 54.1 மி.மீ., சிவிக்குக்கு 56.1, சன்னிக்கு 59.1. கொரோலாவின் அசல் சக்கரம் சிவிக்கிலோ சன்னியிலோ ஹப்பில் முழுதாக அமராது. மறுபுறம், சன்னியின் சக்கரம் கொரோலாவில் தாராளமாக ஏறும். ஆனால் சுற்றிலும் இரண்டரை மி.மீ. இடைவெளி விட்டு நிற்கும். சிறிய துளை பெரிய ஹப்பில் ஏறாது, பெரிய துளை சிறிய ஹப்பில் ஏறும் ஆனால் ஆடும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் உண்டு. வெளிச் சந்தை அலாய் வீல்கள் பலவற்றில் நடுத்துளையைப் பெரிதாக, பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 மி.மீ.யில் வைத்திருப்பார்கள், எந்தக் காருக்கும் விற்கலாம் என்பதே நோக்கம். கொரோலாவுக்கு வாங்குபவர் 73.1 – 54.1 என்ற அளவுள்ள வளையத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது நட்டுகளின் இறுக்கம். வளையத்தின் வேலை, இறுக்கும்போது சக்கரம் நடுவில் நிற்கச் செய்வது. வளையம் இல்லாத சக்கரம் மெதுவாகப் போகும்போது ஒன்றும் காட்டாது. மணிக்கு 80 கி.மீ. தாண்டியதும் ஸ்டீயரிங் அதிரும். பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தைத் தன் கூம்பில் நடுப்படுத்திச் சுற்றுவதால், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அந்த அதிர்வு போகாது. டயரையும் சஸ்பென்ஷனையும் குறை சொல்லிச் செலவழிப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

54.1 மி.மீ. என்ற அளவால் ஒரு நன்மையும் உண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட்டுக்கும் நான்கு துளை 100, நடுத்துளை 54.1. ஆஃப்செட்டையும் அகலத்தையும் சரிபார்த்துக்கொண்டால் அதன் சக்கரம் கொரோலாவில் வளையமின்றியே உட்காரும். 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சரின் 56.1 மி.மீ. சிவிக்கோடு ஒத்துப்போகும். சென்னைப் புதுப்பேட்டையிலோ கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ பழைய சக்கரம் தேடுபவருக்கு இந்த உறவுகள் தெரிந்திருந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

ஆஃப்செட்

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டுக்கும், சக்கரம் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட். ஒட்டும் முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருந்தால் கூட்டல் எண். முன்சக்கர இயக்கக் கார்கள் எல்லாம் இப்படித்தான். இந்த மூன்று செடான்களின் அசல் ஆஃப்செட் பொதுவாக 38 முதல் 45 மி.மீ. வரை. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும், கூடக் கூட உள்ளே போகும்.

அகலத்தைச் சேர்க்காமல் ஆஃப்செட்டை மட்டும் ஒப்பிடுவது பரவலான தவறு. ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் 45 கொண்ட அசல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல அகலம், ஆஃப்செட் 38 கொண்டதைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தரையின் பாதி 69.85 மி.மீ.; ஏழின் பாதி 88.9. உட்பக்கம் பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும்: 114.85 மி.மீ. என்பது 126.9 ஆகிறது, சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கு 12 மி.மீ. நெருங்கிவிட்டது. வெளிப்பக்கம் கழிக்க வேண்டும்: 24.85 என்பது 50.9 ஆகிறது, மட்கார்டை நோக்கி 26 மி.மீ. நகர்ந்துவிட்டது. ஆஃப்செட்டில் வெறும் ஏழு மி.மீ. வித்தியாசம் என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் பின் இருக்கையில் மூவர் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசும்.

வெளியே தள்ளிய சக்கரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்பதால் ஆஃப்செட் குறைந்த ‘டீப் டிஷ்’ சக்கரங்களுக்கு எப்போதும் ஆசைப்படுவோர் உண்டு. அதன் விலையை வீல் பேரிங் கொடுக்கிறது. பள்ளத்திலும் பிரேக்கிலும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் கூடும். அசல் அளவிலிருந்து ஐந்து மி.மீ. விலகுவது பொதுவாகத் தொந்தரவு தராது. பத்தைத் தாண்டினால் அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. ஜப்பானின் வாகனச் சோதனையில் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது என்பது நெடுநாள் விதி. 2017ல்தான் பயணிகள் கார்களில் டயரின் பக்கச்சுவர் மட்டும் 10 மி.மீ.க்குள் நீட்டலாம் என்று தளர்த்தினார்கள். ரிம்முக்கு அந்தச் சலுகை கிடையாது.

விட்டமும் டயரும்

ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாக வேண்டும்; மொத்த விட்டம் மாறக் கூடாது. 175/65 ஆர் 14 டயரின் விட்டம் 583 மி.மீ. பதினைந்து அங்குல ரிம்முக்குப் போனால் 185/55 ஆர் 15 (584.5 மி.மீ.) ஏறக்குறைய அதே உயரம். 185/65 ஆர் 14 (596 மி.மீ.) ஓடிய காருக்கு 195/55 ஆர் 15 (595.5 மி.மீ.) பொருந்தும். விலகல் மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. டயர் மூன்று சதவீதம் பெரிதானால் வேகமானி 100 காட்டும்போது கார் 103ல் போகிறது.

டயரின் சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 85 என்றால் 515. 82 என்றால் 475. விட்டம் சரியாக அமைந்தும் சுமை எண் குறைந்துபோவது நடக்கும். பதினாறு, பதினேழு அங்குலம் இந்தக் கார்களுக்குத் தேவையே இல்லை. எடை கூடும், குண்டும் குழியுமான சாலையில் ரிம் விளிம்பு வளையும். பதினான்கோ பதினைந்தோ போதும்.

சிறிதாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே மாடலிலும் பெரிய டிஸ்க் பிரேக் கொண்ட வகையில் பதின்மூன்று அங்குலச் சக்கரம் காலிப்பரில் இடிக்கலாம். விட்டம் போதுமானதாக இருந்தும் ஆரங்களின் உட்புற வளைவு இடிப்பதுண்டு. டயர் மாட்டுவதற்கு முன் வெறும் ரிம்மை ஹப்பில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். டயர் ஏற்றிய சக்கரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

நட்டு

மூன்று கார்களிலும் ஸ்டட் 12 மி.மீ. தடிமன். ஆனால் டொயோட்டா, ஹோண்டா, மிட்சுபிஷி, மாஸ்டா கார்களில் மரை இடைவெளி 1.5 மி.மீ.; நிசான், சுபாரு, சுசுகியில் 1.25. ஒன்றின் நட்டு மற்றதில் ஓரிரு சுற்று ஏறி இறுகும். அங்கேயே நிறுத்த வேண்டும். நியூமேட்டிக் கன்னை வைத்து அழுத்தினால் ஸ்டட்டின் மரை போய்விடும்.

மரையைவிடக் கவனிக்கப்படாதது நட்டின் முகம். நிசான் நட்டு 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் அசல் சக்கரத்தில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டது. நட்டின் முகமும் உருண்டை. டொயோட்டாவின் அசல் அலாய் வீல்கள் பலவற்றில் தட்டை வாஷரும் நீண்ட கழுத்தும் கொண்ட நட்டு வரும். டொயோட்டாவின் இரும்புச் சக்கரத்துக்குக் கூம்பு நட்டு. வெளிச் சந்தை அலாய் வீல் பெரும்பாலும் 60 பாகைக் கூம்புக்கே வார்க்கப்பட்டது. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் மெல்லிய வளையக் கோட்டில்தான் தொடும். இறுகியதாகத் தோன்றும், நூறு கிலோமீட்டரில் தளரும். சக்கரத்தோடு நட்டையும் சேர்த்து வாங்குவதே முறை.

நட்டு ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. ஆழம் ஏற வேண்டும்: 1.5 மரையில் எட்டுச் சுற்று, 1.25ல் பத்து. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் தகடு வைத்தால் முதலில் குறைவது இந்த ஆழம்தான். இறுக்கத்துக்கும் அளவு உண்டு. கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், சிவிக்குக்கு 108.

பழைய சக்கரத்தை வாங்கும்போது

சக்கரத்தின் உட்புறத்திலோ ஆரத்தின் பின்னாலோ அளவுகள் பொறித்திருக்கும். ‘14 × 5½ ஜே, 4-100, 45’ என்றால் பதினான்கு அங்குல விட்டம், ஐந்தரை அகலம், நான்கு துளை நூறு வட்டம், ஆஃப்செட் 45. ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவக் குறி. நடுத்துளை அளவு பெரும்பாலும் இருக்காது. அதை வெர்னியரால் அளந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய அலாய் வீலில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை, அது அந்நாட்டின் பயணிகள் கார் தரத்துக்கு உட்பட்டது என்ற தயாரிப்பாளரின் உறுதி, உடன் வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் தனியமைப்பின் சோதனையையும் கடந்தது. இரண்டும் அச்சு வார்ப்பில் எளிதாகப் போலி செய்யக்கூடியவை. ஆகவே முத்திரை இருப்பதால் மட்டும் நம்பிவிட முடியாது.

பழைய ரிம்மில் விரிசல் பெரும்பாலும் உள்விளிம்பிலும் நட்டுத் துளைகளைச் சுற்றியும் தோன்றும். புதிதாகப் பெயின்ட் அடித்த சக்கரம் பளபளப்பாக இருக்கும்; சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான். ஹப்பில் ஒட்டும் முகத்திலும் நட்டுக் குழியிலும் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும். பேலன்சிங் இயந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுற்றிப் பார்த்தால் வளைவு கண்ணுக்கே தெரியும்.

மாட்டிய பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி அளவுக்கு இறுக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரமாகவே இருக்கும். புது நட்டு அதற்கு ஒத்துவராமல் போகலாம். அசல் நட்டுகளில் நான்கை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்துக்கொள்ளுங்கள்.