16 வயதில் என்ன ஓய்வு?

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் அலிசா லியூ பிகர் ஸ்கேற்றிங்கில் இருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது அவருக்கு வயது 16. நாங்கள் ஓ.எல். எழுதுற வயசு. பெண் பிள்ளைகளின் உடம்பு வளர்ந்தால் இந்த விளையாட்டு அவ்வளவுதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனா வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், அவர்களை வீட்டுக்கு அனுப்பினது உடம்பு மட்டுமில்லை, விதிப்புத்தகமும்தான் என்று விளங்குது.

நோர்வேயின் சோன்யா ஹெனி 1924 ஒலிம்பிக்கில் 11 வயதில் கடைசியாக வந்தவர். பிறகு 1928, 1932, 1936 மூன்றிலும் தங்கம், கூடவே 10 உலகப் பட்டங்கள். 1936இலேயே போட்டியை விட்டிட்டு ஹொலிவூட் போனார். தோற்கத் தொடங்கினதால் இல்லை. காசு வாங்கி ஆடினால் ஒலிம்பிக் கிடையாது என்பது அந்தக் காலச் சட்டம். 1968இல் 19 வயதில் தங்கம் வென்ற கையோடு பெக்கி பிளெமிங் தொழில்முறைக்குப் போனதும் அதே கதைதான்.

அப்போது இன்னொரு விஷயமும் இருந்தது. சப்பாத்துத் தகட்டால் ஐஸில் 8 மாதிரி வட்டங்கள் கீற வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். ஒருகாலத்தில் பாதிக்கு மேற்பட்ட புள்ளி இதற்குத்தான். 1972இல் ஒஸ்ரியாவின் ட்ரிக்ஸி ஷூபா இசைக்கு ஆடும் பகுதியில் 7ஆவதாக வந்தும் தங்கம் எடுத்தார். ரீவியில் ஆட்டத்தை மட்டும் பார்த்த சனத்துக்கு ஒண்டும் விளங்கேல்லை. உண்மையைச் சொன்னா, கோடு கீறுறதைப் பார்க்க எங்களுக்கும் அலுப்படிக்கும். ஆனாலும் அந்தக் கோடு காலில் படிய வருசக்கணக்கு வேணும். ஹெனி 14இலேயே உலகப் பட்டம் எடுத்தவர்தானே என்று கேட்கலாம். சரி, அவர் விதிவிலக்கு. 1990உடன் அதைத் தூக்கிவிட்டார்கள்.

பிறகு தாவல்தான் எல்லாம். 1998இல் 15 வயதில் தங்கம் வென்ற தாரா லிப்பின்ஸ்கி அந்த வருசமே போட்டியை விட்டார். 2002 சோல்ட் லேக் சிற்றி நடுவர் ஊழலுக்குப் பிறகு வந்த புள்ளிமுறை ஒவ்வொரு தாவலுக்கும் விலை போட்டது. அப்போது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தாவினால் 10 வீதம் கூடக் கிடைத்தது. 2018இல் 15 வயது அலினா ஸகிதோவா நீண்ட ஆட்டத்தின் எல்லாத் தாவல்களையும் அந்தப் பாதியிலேயே வைத்துத் தங்கம் எடுத்தார். மெலிந்த, வளராத உடம்புதான் காற்றில் வேகமாகச் சுழலும். 2019 டிசம்பரில், 17 வயதில், அவர் ஒதுங்கினார். 2014இல் சொச்சியில் 15 வயதில் அணித் தங்கம் வென்ற யூலியா லிப்னித்ஸ்காயா 19இல் விலகினார்; அனோரெக்ஸியாவுக்குச் சிகிச்சை பெற்றதை அவரே சொன்னார். இதையெல்லாம் 'ஓய்வு' என்று எழுத எங்களுக்குக் கை வரேல்லை.

2022 பெய்ஜிங்கில் 15 வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்தது. அந்த ஜூனில் சர்வதேச ஸ்கேற்றிங் ஒன்றியம் வயதெல்லையைப் படிப்படியாக 17க்கு உயர்த்த முடிவெடுத்தது. 100 வாக்கு ஆதரவு, 16 எதிர்ப்பு.

2024 மொன்றியலில், இளவயதில் காயத்தால் விலகி 16 வருசம் போட்டிப் பக்கமே வராமலிருந்து திரும்பிய டியானா ஸ்டெலாட்டோ-டூடெக் 40 வயதில் இணையர் பிரிவில் உலகச் சம்பியன் ஆனார். இணையர் பிரிவு வேறு கணக்கு, ஒத்துக்கொள்கிறோம். தனியாட்டத்தையே எடுப்பம். அலிசா லியூ இரண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தார், இந்தமுறை இசையிலும் உடையிலும் தன் சொல்லும் எடுபட வேணும் என்ற நிபந்தனையோடு. 2025 மார்ச்சில் பொஸ்ரனில் உலகச் சம்பியன் ஆனபோது அவருக்கு வயது 19.