கேம்பர் பிளேட்டும் வீல் அலைன்மென்ட்டும்

கேம்பர் பிளேட் என்பது காரின் முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தலையைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் மவுண்டுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் உலோகத் தட்டு. கம்பெனி மவுண்டில் ஸ்ட்ரட்டின் தலை ஒரே இடத்தில் நிற்கும். பிளேட்டில் அது நீள்துளைகளின் வழியே உள்ளும் புறமும் நகரும். சில வகைகளில் முன்னும் பின்னும்கூட நகரும். தலை நகர்ந்தால் சக்கரத்தின் சாய்வும் மாறுவதால், இந்தப் பிளேட்டையும் வீல் அலைன்மென்ட்டையும் தனித்தனியே பேச முடியாது.

இதன் வரலாறு ஸ்ட்ரட்டின் வரலாறே. செவ்ரலே நிறுவனத்தின் சிறிய கார்த் திட்டத்துக்காக 1940களின் நடுவில் ஏர்ல் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பை வகுத்தார். 1947இல் அத்திட்டம் கைவிடப்பட, அவர் ஃபோர்டுக்குப் போனார். அந்நிறுவனத்தின் 1950ஆம் ஆண்டு கான்சல், செஃபிர் கார்கள் ஸ்ட்ரட்டைப் பெருமளவில் சாலைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் வழக்கிலிருந்த மேல்கை-கீழ்கை அமைப்பில் மெல்லிய ஷிம் தகடுகளைச் செருகியோ எடுத்தோ கோணத்தைத் திருத்த முடிந்தது. மெக்பெர்சன் மேல்கையையே நீக்கிவிட்டார். செலவும் இடமும் மிச்சமாயின, திருத்தும் வசதி பெரும்பாலும் போயிற்று. அந்த வசதியைப் பந்தயக்காரர்கள் திரும்பப் பெற்ற வழிதான் கேம்பர் பிளேட்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடருக்கு முன்பக்கம் டார்ஷன் பார். பத்மினிக்குக் காயில் ஸ்பிரிங்கோடு இரட்டைக் கைகள். ஸ்ட்ரட்டை இங்கே வீட்டுக் காரின் பொருளாக்கியது 1983இல் வந்த மாருதி 800. தமிழ்நாட்டில் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைத்தது. ஸ்ட்ரட் வைத்த கார்கள் ஓடும் பந்தயத்தில் கோணம் திருத்துவது மெக்கானிக்கின் வேலைகளில் ஒன்று.

வீல் அலைன்மென்ட்டில் பார்க்கும் கோணங்கள் மூன்று. முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். பக்கவாட்டில் பார்க்கையில் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். டயர் உள்பக்கம் தேய்ந்தால் பலரும் கேம்பரைக் குற்றம் சொல்வார்கள். தெருவில் ஓடும் காரில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். டோ சரியாக இருக்கும்வரை ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் பெரிய சேதம் செய்வதில்லை.

மலைச்சாலையில் காஸ்டரின் பங்கு பெரிது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திண்ணனூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளை நோக்கி ஏறும் இவ்வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ ஊர, ஸ்டீயரிங் ஏறக்குறைய முழுவதும் திரும்பும். சக்கரம் 30 டிகிரி திரும்பும்போது 5 டிகிரி காஸ்டர் வெளிச்சக்கரத்தைச் சுமார் இரண்டரை டிகிரி உள்ளே சாய்க்கிறது. ஸ்டீயரிங் அச்சின் உள்சாய்வு 13 டிகிரியாக இருந்தால், அதில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் டிகிரியை அது திருப்பி எடுத்துக்கொள்கிறது. இவ்வகைச் சாலைக்கு நெகட்டிவ் கேம்பரை ஏற்றிக்கொண்டே போவதைவிட ஸ்ட்ரட்டின் தலையைச் சற்றுப் பின்தள்ளுவதே மேல். பின்தள்ள இடம் தராத மலிவுப் பிளேட்டுகள் பாதி வேலையே செய்பவை.

கேம்பரை மட்டும் திருத்த, ஸ்ட்ரட்டும் ஹப்பும் சேரும் இடத்தில் போடும் கேம்பர் போல்ட் பிளேட்டைவிட மலிவானது. ஆனால் அது சக்கரத்தை மட்டும் சாய்க்கும். பிளேட்டோ ஸ்ட்ரட்டையே சாய்ப்பதால் அச்சின் உள்சாய்வும் அதே அளவு கூடும். தலைக்கும் கீழ் பால் ஜாயின்ட்டுக்கும் 600 மில்லிமீட்டர் இருந்தால், ஒரு டிகிரிக்குத் தலை பத்தரை மில்லிமீட்டர் நகர வேண்டும். பிளேட்டின் நடுவில் கோள பேரிங் இருந்தால் ஸ்டீயரிங் கூர்மையாகும். கூடவே ஒவ்வொரு குழியும் கேபினுக்குள் கேட்கும். மழையும் செம்மண்ணும் புகுந்தால் அது சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். தினசரி வண்டிக்கு ரப்பரோ பாலியூரித்தேனோ வைத்த வகையே பொருந்தும்.

திருத்தும்போது ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, பாடியோடு சேர்க்கும் சுற்று நட்டுகளையோ பிளேட்டின் நகர்வு போல்ட்டுகளையோ மட்டுமே தளர்த்துவார்கள். நடு நட்டைத் தொடக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுவே. கழன்றால் ஆளையே அடிக்கும். அலைன்மென்ட்டுக்குமுன் டயர் காற்று, பால் ஜாயின்ட், புஷ், டை ராட் முனை ஆகியவற்றைச் சோதிப்பார்கள். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்த வண்டியில் எந்த அளவும் நிற்காது. பின்சக்கரத்தில் தொடங்கி, முன்பக்கத்தில் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ என்பதே வரிசை. டை ராட்டின் நீளம் மாறாததால் கேம்பரை அசைத்தாலே டோவும் நகர்ந்துவிடும். எந்தப் பக்கம் என்பது ஸ்டீயரிங் ரேக் சக்கர அச்சுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது. இப்போது கேமரா வைத்த கணினி இயந்திரங்களே கடைகளில் பரவலாக உள்ளன. பந்தயத் தடங்களில் வண்டியின் இருபுறமும் நூல் கட்டி டோ அளக்கும் முறையும் மறையவில்லை.

பிளேட் பொருத்துவோர் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறான மாற்றம் கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்யப்பட்டது.