வீட்டு எண் மாறிய கதை

"வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதானே இருக்கு, வெளியூர்லேருந்து ஏன் திறக்க மாட்டேங்குது?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. அலுவலக நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னால் புதுப்பெயரைச் சேர்ப்பார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பெயர்ப்பட்டியல் பலர் பொறுப்பில் பிரிந்தது. ஆனால் எண் அடிக்கடி மாறாது என்றே அதுவும் நம்பியது.

தொண்ணூறுகளில் அந்த நம்பிக்கை உடைந்தது. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். ஆகவே வீடுகளுக்கு எண் வாடகைக்கு வந்தது. இன்று ஒன்று, நாளை வேறொன்று. 1997இல் ஆர்எஃப்சி 2136, பெயர்ப்பதிவை உடனுக்குடன் மாற்றும் முறையை வகுத்தது. டைனமிக் டிஎன்எஸ் சேவைகள் அந்த வசதியை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. வீட்டிலுள்ள சிறு நிரல், "இப்ப நான் இங்க இருக்கேன்" என்று அவ்வப்போது சேவைக்குச் சொல்லும்.

கணினியில் விபிஎன் போட்டதும் அந்தச் சொல் பிசகிவிடுகிறது. நிரலும் விபிஎன் வழியே பேசுவதால், விபிஎன் நிறுவனத்தின் எண்ணே பெயருக்கு எதிரே பதிவாகிறது. நாம் தட்டுவது அடுத்தவர் கதவை! நிரலை ரௌட்டருக்கு மாற்றினால் எண் சரியாகும். அப்போதும் பதில் விபிஎன் வழியே வெளியேறினால் இணைப்பு நிற்காது. வந்த வழியிலேயே பதிலும் திரும்ப வேண்டும். அதற்கு விபிஎன்னுக்கு வெளியே ஒரு வாசலை நாமே விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. அதைப் பூட்டிக் காக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.